சுமைதாங்கியில் இறங்கிய கூடை

நிறைமாதத்தில் இறந்த என் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி தினமும் கனவில் வந்தாள். பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட்டு, அதில் வழிப்போக்கர் பாரம் இறக்கினால்தான் அவள் பாரமும் இறங்கும் என்பார்கள். காசியிலிருந்து இராமேசுவரம் நோக்கி வரும் பெருஞ்சாலையில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று நம்பி, இராமநாதபுரம் தாண்டி அதன் ஓரத்தில் நட்டேன். ஆனால் தார் போட்டதும் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். கல் சும்மா நின்றது.

ஒருநாள் மத்தியானம் நான் கல்லருகே உட்கார்ந்திருந்தபோது பஸ் ஒன்று, மீன்கூடையோடு ஒரு பெண்ணை வழியில் இறக்கிவிட்டது.

"நாறுதாம்ல! அவன் சோத்துல மட்டும் மீனு மணக்குமாக்கும்!" என்று கண்டக்டரைத் திட்டியபடியே நடந்து வந்தவள், கூடையைக் கல்லில் இறக்கினாள். "யம்மாடி! யாருக்கு வச்சதுய்யா?"

"என் வீட்டுக்காரிக்குத் தாயி. பிள்ளையோட போயிட்டா."

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மகராசி, எங் கழுத்தக் காப்பாத்திட்டா."

அன்றிலிருந்து மனைவி கனவில் வரவில்லை. இராமநாத சுவாமி கரைசேர்த்துவிட்டார் என்று கும்பிடுகிறேன். ஆனாலும் கண்ணை மூடினால் அவளைத்தான் தேடுகிறேன்.