ஊசி போடாத டாக்டர்

என் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது எனக்கு ஃப்ளூ வந்தது. டாக்டர் பாராசிட்டமால் எழுதிக்கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி, கல்யாணம் வரை யாரையும் கிட்டே சேர்க்காதே என்று அனுப்பிவிட்டார். ஊசி போடவில்லை. அதோடு எங்கள் வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை போயிற்று.

"ஊசியே போடலன்னா அவரு இன்னா டாக்டரு?" என்றார் அப்பா. பல் பிடுங்கியபோது மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் இரண்டை எடுத்து நீட்டினார். இது வைரஸ், அதற்கு இந்த மாத்திரை கேட்காது என்றேன். பல்லுக்குக் கேட்டதே என்றார்.

பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியப்பா மிளகு போட்ட பிராந்தியோடு வந்தார். நான் மாட்டேன் என்றதும், வீணாக்கக் கூடாதென்று என் கட்டிலில் உட்கார்ந்து அவரே குடித்து முடித்தார். அத்தை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எனக்கு இரண்டு போர்வை போர்த்திவிட்டு, வியர்த்தால் ஜுரம் இறங்கும் என்று பக்கத்திலேயே காவல் இருந்தாள். எனக்கு முன்னால் அவளுக்கு வியர்த்தது.

ஐந்தாம் நாள் ஜுரம் தானாகவே விட்டது. குணமாக்கியது யார் என்பதில் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நான் குடிக்காத பிராந்தியும் அந்தப் போட்டியில் இருந்தது.

கல்யாணத்தன்று மாதா கோயில் முழுக்க இருமல். அப்பா முதல் பெஞ்சில், பெரியப்பா தூணுக்குப் பின்னால், அத்தை முக்காட்டுக்குள். மணப்பெண் நான் ஒருத்திதான் தெம்பாக இருந்தேன். பொங்கி வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஃபாதர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார். மாப்பிள்ளை தலையாட்டினார். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார் ஃபாதர். கோயிலில் இருமல்கூட நின்றுவிட்டது. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். மூன்றாம் தடவை கீச்சென்று ஒரு "சம்மதம்" வந்தது.

விருந்தில் ஆளாளுக்கு டாக்டரைத் திட்டினார்கள். எனக்கு ஊசி போட்டிருந்தால் மாப்பிள்ளைக்கு ஒட்டியிருக்காதாம். நான் குனிந்து பிரியாணியைச் சாப்பிட்டேன். ஜுரம் வந்த மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டில் எல்லோரும் அசந்து தூங்கும்போது, ரெட்டியார்பாளையத்திலிருந்து சாத்துக்குடியோடு வந்து மாப்பிள்ளை கதவைத் தட்டியிருந்தார்.

"தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

கதவைத் திறந்தது நான்தான். இரண்டு பேருமே தூரமாக நிற்கவில்லை.