பத்து நாள் விருந்து

எங்களைப் பத்து நாளைக்கென்றுதான் பம்பாய்க்கு வரச் சொல்லியிருந்தார்கள். கோடை விடுமுறை முடியப்போகிற சமயம். கடலைப் பார்த்துவிட்டு, மாடி பஸ்ஸில் ஒருமுறை ஏறிவிட்டு, நல்ல பிள்ளைகளாகத் திருநெல்வேலிப் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் பெரியப்பா. தாதர் ஸ்டேஷனில் எங்கள் மூட்டையைத் தூக்கிய அப்பா, உள்ளே கணகணவென்று சத்தம் கேட்டதும் அம்மாவைப் பார்த்தார். பத்து நாள் விருந்துக்கு வருகிறவள் இட்லிச் சட்டியும் அரிவாள்மணையும் எதற்குக் கொண்டுவந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

தாராவியில் பெரியப்பாவுக்குத் தோல்பை தைக்கிற சின்னப் பட்டறை இருந்தது; அங்கே அதைக் கார்கானா என்பார்கள். அப்பா அதில்தான் வேலை பார்த்தார். பகலில் தைப்பதும் ராத்திரி படுப்பதும் ஒரே இடம். வருஷத்துக்கு ஒருமுறை, ஊரில் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இருபது நாள் வருவார். அந்த வருஷம் வந்தபோது என் தம்பிக்கு மூன்று வயது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அந்த மாமா எப்பம்மா போவாவ?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பம்பாயில் பிள்ளைகளை வளர்த்தால் கெட்டுப்போகும் என்பது பெரியப்பாவின் கொள்கை. பெரியம்மாவையும் பிள்ளைகளையும் அவர் ஊரிலேயே வைத்திருந்தார். கூட இல்லாமலேயே நான்கு பிள்ளைகளை வளர்த்துவிட்டவர் என்பதால் அவர் சொல்லுக்குக் குடும்பத்தில் மதிப்பு அதிகம். குடும்பம் பக்கத்தில் இல்லாத தம்பி, அதாவது என் அப்பா, ஞாயிற்றுக்கிழமையும் மெஷினில் உட்காருவார் என்கிற சிறு வசதியும் அதில் இருந்தது.

எங்களுக்காக அப்பா ஒரு மாடியறை பிடித்திருந்தார். ஒரு மாதத்துக்குக் குறைந்து தரமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு. எனக்கு எட்டு வயது. அந்த ஏணியும் குழாயடிச் சண்டையும் பொதுக் கக்கூஸ் வரிசையும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் விரல்விட்டு எண்ணினேன், ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று.

பத்தாம் நாள் மத்தியானம் ரயில். காலையிலேயே அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, கொடைக்கு எடுத்த கவுனைப் போட்டுவிட்டாள். ரயிலுக்குத்தான் என்று நினைத்தேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் என்னைக் கூட்டிப்போனது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு. அங்கே தலைமை ஆசிரியை கேட்டதும் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் ஊர்ப் பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழ். ஊரில் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறாள். ஊர்ப் பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள் என்று புரிந்ததும் அந்த அறையிலேயே ஓவென்று அழுதேன். டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்தபோது சந்து முனையில் டாக்சி நின்றது. எங்கள் டிரங்குப் பெட்டியை அதற்குள் ஏற்றியாகிவிட்டது. பெரியப்பா ஏணியடியில் நின்றார், அப்பா அவருக்குப் பின்னால். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. எனவே பெரியப்பா அப்பாவைப் பார்த்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அவளை ஏறச் சொல் என்றார்.

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா நேராகப் பெரியப்பாவிடமே சொன்னாள்: “புள்ளைக்கு இங்க பள்ளிக்கூடத்துல பேரு சேத்தாச்சு அத்தான். நாங்க போகல.”

குழாயடியில் குடங்கள் நகர்வது நின்றுவிட்டது. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஓடிப்போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வாரேன் பெரியப்பா, என்னயக் கூட்டிட்டுப் போங்க” என்று அழுதேன். அவர் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்து, பிள்ளைக்கே பிடிக்கவில்லை பார் என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. “அவளுக்குப் புடிக்காதுதான். நாலு நாள் அழுவா. பெத்த அப்பன மாமான்னு கூப்பிடுதானே இவன், அதுக்கு நான் எத்தன நாள் அழ?”

பெரியப்பா என் கையை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “நீ என்னல சொல்லுத?”

அண்ணனிடம் எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கம் இல்லை. சந்து முனைக்குப் போனார். டாக்சியிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தோளில் வைத்தார். எங்கள் எல்லோரையும் கடந்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மறுநாளிலிருந்து கார்கானாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. அப்பா வேறொரு கார்கானாவில் சேர்ந்தார்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார். தம்பி முதலில் அவரைத் தொலைவிலிருந்து பார்த்தான், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான், மழைக்காலம் முடிவதற்குள் முதுகில் ஏறிவிட்டான். நாங்கள் இருவரும் இங்கேயே கெட்டுப்போனோம். அவன் நெருளில் என்ஜினியர். நான் செம்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

பள்ளி திறந்ததும் அம்மாதான் தினமும் என்னைக் கொண்டுபோய் விட்டாள். ஒரு வாரத்தில் எனக்குத் தோழிகள் கிடைத்தார்கள். அவர்கள் மூலம் ஒரு குறுக்குவழியும் கிடைத்தது. எங்கள் சந்திலிருந்து ஐந்தே நிமிஷம். அம்மாவோ என்னை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போய், பெரியப்பாவின் கார்கானா வாசல் வழியாகச் சுற்றி, இருபது நிமிஷம் நடத்தினாள். அந்த வாசலுக்கு வந்ததும்தான் என் ரிப்பன் அவிழ்ந்திருப்பது அவள் கண்ணில் படும். நின்று, தம்பியை இறக்கிவிட்டு, நிதானமாகக் கட்டிவிடுவாள். யூனிஃபாரத்தின் காலரை நீவிவிடுவாள். உள்ளே மெஷின்களின் சத்தம் கேட்கும். டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மழை கொட்டுகிற நாளிலும் அதே வழிதான், அதே இடத்தில்தான் ரிப்பன்.

குறுக்குவழியைப் பற்றி அம்மாவிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. கடைசியில் அப்பாவிடம் புகார் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. பாவம், அம்மாவுக்குப் பம்பாயில் இன்னும் வழி பிடிபடவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.