புல் இல்லாத ஜட்கா

ஜட்காவில் நாம் உட்காரும் இடத்துக்கு அடியில் குதிரைக்கான புல்லைப் பரப்பியிருப்பார்கள். அந்தத் தூசி பட்டால் போதும், சிறுவயதிலிருந்தே எனக்கிருக்கும் மூச்சிழுப்பு கிளம்பிவிடும்.

இன்று ஆவடியில் ஏறுமுன் வண்டிக்காரர் காதரிடம், புல்லைச் சாக்கில் கட்டி வண்டிக்குக் கீழே தொங்கவிடச் சொன்னேன்.

உள்ளே இருந்த பூக்காரம்மா கேட்டார்: "இத்தினி கஸ்டப்பட்டுகினு இஸ்கூலுக்கு இன்னாத்துக்குப் போறீங்கோ டீச்சரம்மா? ஊட்லயே இருக்கலாமில்ல?"

"ஊட்ல இருந்தாலும் இழுக்கத்தான் போவுது. பாடம் நடத்திகினே இழுக்கட்டும்," என்றேன்.

காதர் முனகிக்கொண்டே கட்டினார்.

பூந்தமல்லி வரை ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் மெத்தென்ற புல் போய்விட்டதால், பள்ளத்துக்குப் பள்ளம் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

நாளையும் அப்படித்தான் போகப்போகிறேன். யார் யார் வருகிறீர்கள்? தலையணை அவரவர் பொறுப்பு.