நாலு மணிப் பாரா

“அவன் என்ன கேக்கான்னு மட்டும் கேக்காதீங்க சேச்சி.”

“கேக்காம எப்படி எழுதட்டும் ராஜையன்? அன்னைக்கு டாக்டரும் இதைத்தானே கேட்டிருக்காரு?”

“டாக்டர்கிட்ட சொல்லல்ல. எனக்க கெட்டினவகிட்டயும் சொல்லல்ல. பன்னெண்டு வருசமாச்சு.”

“எப்ப கேக்கும்? ராத்திரியா?”

“ராத்திரி நல்லா உறங்குவேன். சாயங்காலம் நாலு பத்துக்கு.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. “நான் இறங்குதேன். அந்நேரம் அடுத்தவுக வீட்டுல இருக்கப்பிடாது.”

இந்தப் பேச்சு நடந்தது போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில். நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். கல்யாணம், நாத்தனார், பிரிவு, சேர்க்கை. இருபத்திரண்டு நாவல்களில் ஒரு பேயைக்கூட நடமாட விட்டதில்லை. இதை நம்பச் சொல்லி யாரிடமும் வாதாடப் போவதுமில்லை. என் இரண்டு காதாலும் கேட்டேன். தேதியும் மணியும் டைரியில் இருக்கின்றன.

என் கணவர் அழகியநம்பி வக்கீல். முன்னறைதான் அவருடைய ஆபீஸ். தமிழ் பேசுகிற கட்சிக்காரர்கள் வந்தால் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதித் தருவது என் வேலை.

ராஜையன் பாறசாலைப் பக்கத்துக்காரர். பதினான்கு வருடம் ராணுவத்தில் இருந்தார். 2012இல் மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மூன்று வரி. இல்லாத குரல் கேட்கிறது. பிறவிக் கூறு, ரத்தத்தில் வருவது. ராணுவப் பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தாள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். மகள் ஷெமிக்குக் கல்யாணம் பேசினார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஷைஜு. இருவரும் விரும்பியதுதான். பையனின் மாமா, ராணுவத்தை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். “மறைக்கப்பிடாதுன்னு நானே தாளை எடுத்துக் குடுத்தேன் சேச்சி,” என்றார் ராஜையன். ‘ரத்தத்தில் வருவது’ என்ற வரியில் மாமாவின் விரல் நின்றது. கல்யாணமும் நின்றது.

அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் மறுபரிசீலனை மனு. மருத்துவக் குழு திங்கட்கிழமை கூடுகிறது. நோய் பணியிடத்தில்தான் வந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் அன்றைய டாக்டர் எழுதியிருந்த கடைசிக் கேள்விக்கு நேரே, ‘நோயாளி சொல்ல மறுக்கிறார்’ என்றுதான் இருந்தது. குரல் என்ன கேட்கிறது?

புதன்கிழமை கோப்பை எடுத்துவைத்துப் படித்தேன். நல்ல வெயில். நாலு மணியைத் தாண்டியதும் தாளைப் புரட்டிய விரல் சில்லிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி ஒரு குளிர். வாசலில் யாரோ நடக்கும் சத்தம். கல்லுப்பை மிதிப்பது போல... நறுக்... நறுக்...

எங்கள் வாசலில் சிமெண்ட் போட்டிருக்கிறது.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். “பேயா? நீ எழுதுத மாமியாருக்கு இது எவ்வளவோ தேவலை,” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வியாழக்கிழமை கோப்பில் ஒன்று கண்ணில் பட்டது. 2011 பிப்ரவரியில் ராஜையன் இருந்த மலை உச்சி முகாமில் ஒரு பனிப்புயல். பாரா ஏட்டின்படி, நாலிலிருந்து ஆறு வரை காவலில் நின்றது ராஜையன். கையெழுத்து இருக்கிறது. ஆனால் அதே நாள் மருந்து ஏட்டில், நாலரைக்கு ராஜையனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், கூடாரத்தில் படுக்கையில். ஒரே ஆள், ஒரே நேரம், இரண்டு இடம்.

அதற்கடுத்த தாளில் அதே தேதியில் ஒரு மரணக் குறிப்பு. சிப்பாய் வன்னியபெருமாள். ‘அனுமதியின்றி முகாமை விட்டு வெளியேறி, பனியில் உயிரிழந்தார்.’ ஊர், வித்துரா. தாய், பொன்னம்மை.

அன்றும் நாலு பத்துக்கு அந்தச் சத்தம். இந்த முறை எண்ணினேன். பன்னிரண்டு எட்டு. நின்றது. திரும்பியது. மறுபடி பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட ராஜையனும் அவர் மனைவி எலிசாளும் வந்தார்கள். இவர் கோர்ட்டிலிருந்து திரும்பவில்லை. மணி மூன்று முப்பத்தைந்து. கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் ஐப்பசி மாதத்துத் துலாவர்ஷ மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். இடி.

“நான் நனைஞ்சுக்கிட்டே போறேன்,” என்று ராஜையன் எழுந்தார்.

“கரண்டு கம்பி அறுந்து கிடந்தா? இரியும் மனுசா,” என்றாள் எலிசாள்.

நான் இரண்டு ஏட்டின் நகலையும் அவர் முன்னால் வைத்தேன். “அன்னைக்கு நீங்க பாராவுல நின்னீங்களா, படுத்திருந்தீங்களா?”

அவர் இரண்டு தாளையும் கவிழ்த்துவைத்தார்.

“காய்ச்சக்காரனுக்குப் பதிலா சேக்காளி நிப்பான் சேச்சி. எல்லா முகாமுலயும் உள்ளதுதான். கையெழுத்து காலையிலயே போட்டிருப்போம். ஏட்டுல மாத்தமாட்டோம். மேல தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் தண்டனை. நாலு மணிக்கு அவன் எனக்க கோட்ட எடுத்துப் போட்டுக்கிட்டு...”

கரண்ட் போய்விட்டது.

மணி நாலு இரண்டு.

மழைச் சத்தம் மட்டும். மேசை மேல் வைத்த டீயில் ஆவி நின்றுபோயிருந்தது. தொட்டேன். ஐஸ்.

நாலு ஐந்து. எலிசாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நாலு எட்டு. என் வாயிலிருந்து புகை வந்தது. திருவனந்தபுரத்தில்... என் ஐம்பத்து மூன்று வயதில் பார்த்ததில்லை.

நாலு பத்து.

நறுக்...

வாசலில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. நடந்தால் சளக் சளக் என்றுதான் கேட்க வேண்டும்.

நறுக்... நறுக்...

பன்னிரண்டு. நின்றது.

கதவுக்கு நேரே.

“ராஜையா...”

நல்ல குரல். சிநேகமான குரல். தெருவில் போகிறவன் நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி. அதற்கப்புறம் ஏதோ சொன்னது. வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை.

ராஜையன் காதைப் பொத்தவில்லை. தலையைக் குனிந்து, முழுவதையும் கேட்டார். கண்ணீர் தாடையில் இறங்கியது.

நான் எலிசாளைப் பார்த்தேன்.

அவளும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு இருபத்தாறுக்கு மின்விசிறி சுழன்றது. நான் கதவைத் திறந்தேன். மழை. தண்ணீர். வேறொன்றும் இல்லை.

“என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“சொன்னா நான் செய்யணும் சேச்சி. செய்யத் தைரியம் இல்ல,” என்றார். மழையிலேயே இறங்கிப் போனார்.

ஞாயிறு காலை ஏழு ஐந்துக்கு எலிசாள் போன் செய்தாள். சர்ச்சுக்குப் புறப்பட்டு நிற்பதாகச் சொன்னாள்.

“எனக்கும் கேக்கும் சேச்சி. நடக்குத சத்தமும், பேரு விளிக்குததும். அவரு வீட்டுக்கு வந்த நாள்லேருந்து.”

“ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“அப்பனும் கிறுக்கு, அம்மையும் கிறுக்குன்னா எனக்க பிள்ளைய யாரு கெட்டுவா? ஒருத்தராவது தெளிஞ்ச மாதிரி இருக்கண்டாமா?”

“ஷெமிக்கு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவ ஹெட்செட் மாட்டிக்கிட்டு நடப்பா. பதினோரு வயசுலேருந்து. நாலு மணிக்குத்தான் மாட்டுவா. ஏன்னு நான் கேட்டதில்ல சேச்சி...”

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராணுவ மருத்துவமனை வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஷெமியின் ஹெட்செட்டையும். ஷைஜு ஹெல்மெட்டோடு மரத்தடியில் நின்றான். மாமாவுக்குத் தெரியாமல் லீவு போட்டு வந்திருந்தான்.

முறை வரவே இல்லை. மதியம் ஆனது. இரண்டு. மூன்று. ஷெமி கலகலப்பான பெண். “ஆன்ட்டிக்கு சாயா வேணோ? இந்தப் பெஞ்சு நம்மள மொத்தமா விழுங்கிரும், கேட்டோ?” என்று மலையாளமும் தமிழும் கலந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். மூன்றரைக்கு மேல் சிரிப்பு நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

கூப்பிட்டபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. ‘ரத்தத்தில் வருவது’ என்று எழுதியிருப்பதால் மனைவியையும் மகளையும் விசாரிக்க வேண்டுமாம். எலிசாளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள்.

தலைமை டாக்டர் நரைத்த முடியுள்ள வடநாட்டுப் பெண்மணி. கோப்பை நிதானமாகப் படித்தார். ராஜையனிடம் இந்தியில் கேட்டார். அதே கேள்வி. குரல் என்ன கேட்கிறது?

ராஜையன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“சொல்லுங்க,” என்று எலிசாள் முணுமுணுத்தாள். “பிள்ளைக்காக.”

நாலு ஏழு.

டாக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஏசியைக் குறைக்கச் சொன்னார். பியூன் விழித்தான். அந்த அறையில் ஏசி இல்லை.

நாலு பத்து.

வராந்தாவில்... நறுக்... நறுக்...

டாக்டர் நிமிர்ந்தார். “வெளியே யார் நடப்பது?”

பியூன் கதவைத் திறந்து பார்த்தான். தலையை ஆட்டினான். யாரும் இல்லை.

பன்னிரண்டு. நின்றது.

டாக்டரின் பேனா அசையவில்லை. அவர் ராஜையனைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. நோயாளியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

ராஜையன் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

அப்போது ஷெமி எழுந்தாள்.

அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. வன்னியபெருமாள் என்ற பெயரைக்கூட அந்த வீட்டில் உச்சரித்ததில்லை. அவள் பேசியது மலையாளம் கலந்த அவளுடைய பேச்சும் இல்லை. பழைய நாஞ்சில்நாட்டுத் தமிழ். தினமும் அந்தக் குரல் கேட்பதில் ஒரு எழுத்து மாறவில்லை என்று ராஜையன் பிறகு என்னிடம் சொன்னார்.

அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“லே ராஜையா... நான் ஓடிப் போகல்லலே. உனக்க பாராவுலதான் நிண்ணேன். எனக்க அம்மைகிட்ட அத மட்டும் ஒருக்க சொல்லிரு மக்கா.”