நட்சத்திரம் தெரியாத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். மகன் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருந்தபோது, வெள்ளிதோறும் சிராங்கூன் சாலைக் கோயிலில் அவன் பெயருக்கு மட்டும் அர்ச்சனை செய்வேன்.

ஒரு வெள்ளி, முகாமிலிருந்து வரவேண்டிய நேரம் தாண்டியும் அவன் வரவில்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. அர்ச்சனை வரிசையில் நின்றும் மனம் சாமியிடம் நிற்கவில்லை. ஒருவழியாக அவனே அழைத்தான்.

"பயப்படாதீங்கம்மா. வெயில்ல ரூட் மார்ச் நடக்கிறப்ப மயங்கி விழுந்துட்டேன். கூட வந்த வெய் மிங்தான் என்னைத் தூக்கிட்டு ஓடினான். இப்ப ஓகே லா."

அர்ச்சகரிடம் இரண்டு பெயர்களைச் சொன்னேன்.

"சீனப் பிள்ளையா? என்ன நட்சத்திரம்மா?"

"தெரியாது சாமி. என் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினவன்."

"அப்ப பேரே போதும்."

மகன் சேவையை முடித்துவிட்டான். இப்போதும் முகாம்களில் நமக்காக வெயிலில் நடக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அர்ச்சனை செய்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும், வெய் மிங் பெயரை விட்டுவிடாமல் இப்படியே சொல்லுங்கள்.