மாமா லேப்டாப்பின் இரண்டாவது பட்டன்

என் மாமா லேப்டாப் வாங்கிவிட்டார் என்ற சேதி மாமாவுக்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எம். புதுப்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்கும் மீதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனார்கள். கம்ப்யூட்டர் என்று ஊரில் இருந்தது பள்ளிக்கூடத்தில் துணி போட்டு மூடி வைத்திருந்த ஒன்றுதான். அதைத் தொட்டால் தலைமையாசிரியர் தொலைத்துவிடுவார். அப்படிப்பட்ட ஒன்றை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வரலாம் என்று சொன்னபோது, மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் நம்பவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. விருதுநகரில் மைக் செட் கடை வைத்திருந்தார். எதையும் பழசாகத்தான் வாங்குவார். வாங்கியபின் அது புதுசைவிட ஒசத்தி என்று ஊரை நம்ப வைக்காமல் உறங்க மாட்டார். இந்த லேப்டாப்பும் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு அச்சகத்தில் டிசைன் போட வைத்திருந்து கழித்துக்கட்டியது. அம்மிக்கல் கனம் கனத்தது. பாட்டரி செத்துப்போயிருந்ததால் ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். நான் முதன்முதலில் அதைத் தொட்டுப் பார்த்தபோது அடியில் கோழி அடைகாத்த இடம் மாதிரி சூடாக இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

எழுத்துப் பலகைக்கு மேலே தனியாகப் பட்டன் இரண்டு. பெரியதை அழுத்தினால் லேப்டாப் எழும். எழும் என்றால் சும்மா இல்லை, சோம்பல் முறித்து, முனகி, நீலமாகி, கறுப்பாகி, மறுபடி நீலமாகி எழும். அதற்குள் அம்மா ஒரு ஈடு இட்லி எடுத்துவிடுவாள். பக்கத்தில் சின்னதாக, பிலிம் சுருள் படம் போட்ட இன்னொரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத பட்டன்தான் மாமாவின் உறக்கத்தைக் கெடுத்தது.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாமா இந்த லேப்டாப்பை டிவியோடு இணைத்துப் பாட்டுப் படம் ஓட்டியிருக்கிறார். நடுவில் கரண்டு போய் வந்தது. லேப்டாப் மறுபடி எழுந்து வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கைதட்டிக் கேலி செய்து, பக்கத்துக் கடை செட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமாவுக்கு அது பெரிய தலைகுனிவு. அச்சகத்து டிசைனரிடம் போய் நின்றார். அவர்தான் அந்தச் சின்னப் பட்டனின் ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். அது குறுக்கு வழி. முழுக் கம்ப்யூட்டரையும் எழுப்பாமல் நேரே படத்தை ஓட்டும். அதற்கான சாப்ட்வேர் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துப் போட்டபோது போய்விட்டது, பைக்குள் சிடி இருக்கிறது, திரும்ப ஏற்றினால் பட்டனுக்கு உயிர் வரும் என்று.

மாமா எனக்கு விளக்கினார். பெரிய வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமென்றால், முன்வாசலைத் திறந்து, கூடத்தில் படுத்திருக்கிற அத்தனை பேரையும் எழுப்பித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும். இந்தப் பட்டன் கொல்லைக்கதவு. திறந்தால் நேரே தண்ணீர்ப் பானை. யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் மாமாவைவிடக் கெட்டிக்காரர் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

என் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும் என்பதால் மாமா முன்கூட்டியே வந்து, தன் கடையில் இருந்த சாமான் அத்தனையையும் சீராகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். தெருமுனைக் கம்பத்தில் கம்பெனி ரோட்டைப் பார்த்து இன்னொரு குழாய். பாக்ஸில் பேஸ் அடித்தால் அடுப்படியில் தட்டு நடுங்கும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். அப்பாவுக்கு தீபாவளி சீசன் நேரம் என்பதால் காதுகுத்து அன்று மட்டும்தான் லீவு.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். வானத்தில் போய் விரிகிற வெடிக்குப் பச்சை நிறம் கொடுப்பது அவர் கை. சாயங்காலம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியில் வார்த்த மாதிரி வந்து நிற்பார். அந்த வெடிகள் லோடு லோடாக வடக்கே போய்விடும். அவ்வளவு விலை கொடுத்து எங்கள் ஊரில் யாரும் வாங்கியதில்லை. வடக்கத்தி ஏஜெண்டுகளுக்குக் காட்டுவதற்காக ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பொட்டலில் ராத்திரி வெடிக்கவிட்டுக் கம்பெனி படம் எடுத்திருந்தது. அந்த சிடியில் ஒன்று அப்பாவுக்கும் கிடைத்தது. போட்டுப் பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லாததால் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. மாமா வந்த அன்று கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே அப்பா சொன்னார்.

"நான் வந்தப்புறம் போடுங்க மாப்ள. நம்ம பச்சை மேல போயி எப்படி விரியுதுன்னு நானும் பாக்கணும்."

மாமா சரி என்றார். ஆனால் முதலில் பட்டனுக்கு உயிர் வரவேண்டுமே. அன்று சாயங்காலமே வேலை ஆரம்பித்தது. லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து, முதலில் சின்ன அறையைக் கட்டி, அதற்கப்புறம்தான் பெரிய வீட்டைக் கட்டவேண்டுமாம். வரிசை மாறினால் சின்ன அறையைத் திறக்கும்போது பெரிய வீடு இடிந்து விழுந்துவிடும் என்று டிசைனர் எச்சரித்திருந்தார். அதைவிடப் பெரிய பயம் கரண்டு. நடுவில் போனால் லேப்டாப் வெறும் பலகை. லைன்மேனுக்கு டீயும் வடையும் போயிற்று. மிக்சி போடக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவானது. அவள் மறுநாளைக்கு உண்டான மசாலாவை அம்மியில் அரைத்துக்கொண்டே, தன் தம்பி லேப்டாப்புக்குப் பிரசவம் பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நீலக் கோடு எறும்பு ஊர்வது போல நகர்ந்தது. பக்கத்தில் எண் ஏறியது. அறுபதைத் தாண்டி ஓரிடத்தில் நின்றுவிட்டது. மாமா மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. வெகுநேரம் கழித்து எண் ஒன்று கூடியபோது மாமா என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. அந்தப் பெட்டிக்குள் யாரோ நிஜமாகவே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் போட்டால் பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் பயந்தேன்.

வேலை மறுநாள் காலையில்தான் முடிந்தது. அப்பா அதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிப் போயிருந்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கம்பெனி ஓடுகிற நாளில் பகலில் யாரும் வெடி போடமாட்டார்கள். கல்யாணமாகட்டும், சாவாகட்டும், பொழுது சாய்ந்து ஆட்கள் வீடு திரும்பும் வரை ஓர் ஊசிவெடி கூடக் கிடையாது. யாரும் தடுத்து எழுதி வைக்கவில்லை. அப்படித்தான். வெடி செய்கிற ஊரில் இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மாமா விருதுநகர்க்காரர் என்றாலும் அவருக்கும் இந்த வழக்கம் தெரியும். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு படம் வேண்டும். கைக்கு எட்டியது சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சிடிதான். சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம், மச்சான் வந்ததும் முறையாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். விண்டோஸில் போய் சத்தத்தை அடைத்து, அடைத்துவிட்டதை எனக்கும் காட்டினார். லேப்டாப்பை அணைத்தார். காலையிலேயே லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்ததில் பாக்ஸும் குழாயும் முழு அளவில் இரைந்துகொண்டிருந்தன. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தொண்டையை அடைத்தபின் வாய் திறந்திருந்தால் என்ன.

மாமா சின்னப் பட்டனை அழுத்தினார்.

நீலமும் இல்லை, முனகலும் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் ராத்திரி வந்துவிட்டது. நடுவில் ஒரு வெளிச்ச நூல் மேலே மேலே ஏறியது. நின்றது. அப்புறம் வானம் முழுக்கப் பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் வயலில் பார்த்ததில்லை, கிளியில் பார்த்ததில்லை. அது விரிந்துகொண்டே போனது. என் அப்பா கையில் இருந்து போன பச்சை அது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் பூமி அதிர்ந்தது.

முன்வாசலில் சொல்லி வைத்தது கொல்லைக்கதவுக்குத் தெரியாது. விண்டோஸில் அடைத்த சத்தத்துக்கும் இந்தச் சின்ன அறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாக்ஸும், வேப்பமரக் குழாயும், கம்பெனி ரோட்டைப் பார்த்த குழாயும் சேர்ந்து வெடித்தன. வேப்பம்பழம் உதிர்ந்தது. காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. மாமா லேப்டாப்பில் இருந்த எல்லாப் பட்டன்களையும் அமுக்கினார். எதுவும் கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபையர் ஒயரைப் பிடுங்கினார்.

அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். வீடு வீடாகப் பெண்கள் வெளியே வந்து ஓடினார்கள். ஒருத்திக்குத் தலை பாதி சீவியபடி. ஒருத்தி கையெல்லாம் மாவு. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். யாரும் கத்தவில்லை. எல்லாரும் கம்பெனி ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். குழாய் அந்தப் பக்கம் பார்த்து இருந்ததால் படமும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது என்று ஏமாந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஒரே ஒரு பட்டனுக்கு ஊரே திரண்டு ஓடுவதைப் பார்த்து என் நெஞ்சு விம்மியது.

அடுத்த தெருவில் காதுகுத்துக்குச் சொல்லப் போயிருந்த அம்மாவும் ஓடி வந்தாள். கையில் குங்குமத் தட்டு இல்லை. காலில் செருப்பு இல்லை. எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள்.

"எம்மா, இங்கன. படம் இங்கனதான் ஓடுது" என்றேன்.

அம்மா திரும்பவில்லை. மாமா பேய் அறைந்தவர் மாதிரி அவள் பின்னால் ஓடினார். ஒண்ணுமில்லக்கா, என் செட்டுக்கா, என்று அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. சில பெண்கள் அதைக் கேட்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி எழுந்து மாமாவைக் கன்னத்தில் அறைந்தாள். அம்மா மட்டும் நிற்கவே இல்லை.

அப்பா இதைப் பின்னால் ஒருநாள் சொல்லித்தான் தெரியும். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஊரில் இருந்து கூப்பிட்டவர்களுக்கு ஆபீஸ் போனில் லைன் கிடைக்கவில்லை. சத்தம் அங்கே வரை சரியாக எட்டவும் இல்லை. கேட்டுக்கு வெளியே பெண்கள் ஓடிவருகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஊரில்தான் என்னமோ நடந்துவிட்டது, பிள்ளைகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்திருக்கிறார். இரண்டு பேரும் எதிரெதிராக வந்து ரோட்டில் சந்தித்திருக்கிறார்கள்.

நான் அன்று வீட்டில் தம்பியோடு தனியாக இருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. திரையில் சத்தமே இல்லாமல் பச்சைப் பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. முடிந்ததும் தானாக மறுபடி முதலில் இருந்து ஓடியது. தம்பியை மடியில் வைத்து, இது அப்பா, இதுவும் அப்பா, என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவர்கள் வந்தார்கள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் வெள்ளி. வேலை நாளில் அந்த நேரத்தில் நான் அவரை வீட்டில் பார்த்ததே இல்லை. எப்போதும் நாலடி பின்னால் நடக்கிற அம்மா அன்று ஒட்டி நடந்தாள். அவள் கை அப்பாவின் சட்டை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. மாமா பின்னால், தலையைத் தொங்கப் போட்டபடி.

அப்பா வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அம்மா சட்டையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வெடி ஏறியது, விரிந்தது, உதிர்ந்தது. அம்மா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை நல்லா வந்திருக்கு மாப்ள" என்றார் அப்பா.

மாமா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பட்டன் வேலை செய்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு அன்று மாமாவைவிட அம்மாவைப் பற்றித்தான் பெருமை. தான் வருகிற வரை போடவேண்டாம் என்று அப்பா சொன்னதை மாமாவும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். அம்மா ஒருத்திதான் மறக்கவில்லை. படம் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்ததும் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் ஓடி, கம்பெனியில் இருந்து அப்பாவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காதுகுத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமாவை அறைந்தவள் மட்டும் என்னை அருகில் இழுத்து, கலைந்திருந்த என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஆமா பாப்பா, அதுக்குத்தான் ஓடுனா" என்றாள்.