ஓடும் மோட்டாரின் மூன்றாவது முனை

தை மாதக் காற்று எழுந்தால் ஆறுச்சாமியின் பட்டறையில் வேலை கூடிவிடும். கிழக்கிலிருந்து கணவாயை நோக்கி இரைந்து வரும் அந்தக் காற்று எருத்தேன்பதி ஊரின் பனைகளைப் பிடித்து உலுக்கும். காய்ந்த மட்டைகள் மின்கம்பிகளின்மேல் விழும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போகும். நிற்கும் மோட்டார் அப்போது கிளம்பாது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மீதமுள்ள இரண்டு முனைகளின் வலுவிலேயே முனகிக்கொண்டு ஓடி, சிறிது நேரத்தில் உள்ளிருக்கும் சுருள்களைக் கருக்கிக்கொள்ளும். மறுநாள் அது மாட்டுவண்டியில் ஏறி ஆறுச்சாமியின் வாசலில் வந்து இறங்கும்.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் எட்டாண்டுகள் மோட்டார்ச் சுருள் சுற்றப் பழகிவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சுக் குறைவு; கவலை மிகுதி. முடித்துக் கொடுத்த மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது என்று யாராவது வந்து சொல்லும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

1974ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கினார். பலகையொன்றில் மூன்று ரிலேக்கள், அதாவது மின்சாரம் இருக்கும்வரை பிடித்து நிற்கும் சுவிட்சுகள்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு விளக்கு. முனைக்கு ஒன்றாக அவை காவல் காக்கும். எந்த முனையில் மின்சாரம் போனாலும் அதற்குரிய ரிலே விழுந்து, மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை விடுவித்து, மோட்டாரை நிறுத்திவிடும்.

“மோட்டாரு எரிஞ்சாத்தானுங்க நம்ம அடுப்பு எரியும். அதுக்கே பூட்டுப் போடறீங்களே!” என்றாள் அவருடைய மனைவி கமலாத்தாள்.

“எரிஞ்சதக் கொண்டாந்து எறக்கறவங்க மூஞ்சிய நீ பாக்கறதில்ல. நாந்தான பாக்கறேன்” என்றார் அவர்.

முதல் பெட்டி நாச்சம்மாளின் கிணற்றுக்குப் போயிற்று. நாச்சம்மாள் கணவரை இழந்தவர். ஊருக்கு மூன்று மைல் கிழக்கே இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார். முந்தைய ஆண்டு மோட்டார் எரிந்து, சுருள் சுற்றித் திரும்பி வருவதற்குள் அவருடைய மிளகாய்ச் செடிகள் காய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு, மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அவர் மோட்டார் அறையிலேயே உட்கார்ந்து அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஓசை மாறினால் உடனே நிறுத்தவேண்டும். அவருடைய நாத்தனார் மருதாத்தாள் வயலின் மறுகோடியில் தண்ணீர் கட்டுவார். அந்த வீட்டில் இருந்தவர்கள் அவ்விருவர் மட்டுமே. இப்போது ஆனைமலையில் இருந்த மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டதால், நாச்சம்மாள் போயே ஆகவேண்டியிருந்தது.

“ஏனுந் தம்பி, நெசமாலுமே மோட்டாருகிட்ட ஆளு வேண்டாங்களா?” என்று கேட்டார் நாச்சம்மாள்.

“வேண்டாங்கக்கா. பெட்டி பாத்துக்கும்.”

“பெட்டி மோட்டாரப் பாத்துக்கும். நங்கையா பேரனப் பாத்துக்குவாங்க. தண்ணி கட்டறதுக்கு மட்டும் பெட்டி செய்ய ஆருக்கும் தோணல பாருங்க” என்றார் மருதாத்தாள், நாச்சம்மாளைக் காட்டி. மூவரும் சிரித்தார்கள்.

பெட்டியைப் பொருத்திய நாளில் கிணற்றில் நீர் போதுமான அளவு ஊறியிருக்கவில்லை. ஆகவே மோட்டாரின் கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் போட்டு, ஆறுச்சாமி ஒரு பியூசைப் பிடுங்கிக் காட்டினார். ஸ்டார்ட்டர் ‘டப்’பென்று விழுந்தது. நாச்சம்மாள் கைகூப்பினார். அன்று இன்னொரு காரியமும் நடந்தது. மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் நிறுத்துவதற்கென்று ஸ்டார்ட்டரிலேயே ஒரு காப்பு உண்டு. கோடையை நோக்கிய நாள்களில் மின்அழுத்தம் குறைந்து, அக்காப்பு அரைமணிக்கொரு முறை மோட்டாரை நிறுத்திவிடும். அதனால் பலரும் அது வேலை செய்யாதபடி கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். நாச்சம்மாள் கேட்டுக்கொண்டதால் ஆறுச்சாமியும் கட்டினார். பெட்டிதான் இருக்கிறதே என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் நாச்சம்மாள் ஆனைமலைக்குப் புறப்பட்டார்.

புதன்கிழமை காலை, ஆறுச்சாமி பட்டறையில் இரண்டாவது பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். சுருள் சுற்றி முடித்த மோட்டார் ஒன்று மேடையில் இருந்ததால், அதையே பெட்டியுடன் இணைத்து ஓடவிட்டார். மூன்றாம் முனையின் பியூசைப் பிடுங்கினார். ரிலே விழவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

ரிலேயின் சுருள்வில் தளர்ந்திருக்கும் என்று எண்ணி, மோட்டாரை நிறுத்தி, வில்லை இறுக்கினார். மறுபடியும் விழவில்லை. ரிலேயையே மாற்றினார். அதுவும் விழவில்லை. வயர்களை மாற்றிக் கட்டியிருப்போமோ என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்ந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியாக, மோட்டாரை ஓடவிட்டுப் பியூசைப் பிடுங்கி, மின்சாரம் அற்றிருக்கவேண்டிய அந்த மூன்றாவது கம்பியில் சோதனை விளக்கை வைத்தார். விளக்கு எரிந்தது.

பியூஸ் அவருடைய இடக்கையில் இருந்தது. கம்பிக்கு வேறெங்கிருந்தும் மின்சாரம் வர வழியில்லை. மோட்டாரின் கம்பியைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. மீண்டும் மாட்டி ஓடவிட்டார், விளக்கு எரிந்தது.

ஆறுச்சாமி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓடும் மோட்டாரே, தான் இழந்த முனையைத் தனக்குள் உண்டாக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொய் மின்சாரத்தைக் கண்டு ரிலே ஏமாந்துபோயிற்று. நிற்கும் மோட்டாருக்குத்தான் பெட்டி காவல். ஓடும் மோட்டாருக்கு, காவல் தேவைப்படும் ஒரே வேளையில், அது குருடு. நாச்சம்மாளின் கிணற்றில் அவர் சோதித்ததோ மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு.

பட்டறையின் தகரக் கூரை காற்றில் படபடத்தது. மணி பத்தரை. மருதாத்தாள் பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வயலுக்குப் போயிருப்பார்.

“ஏனுங்க, எங்க இந்த ஓட்டம்? கஞ்சி குடிச்சுப்போட்டுப் போங்க!” என்று கமலாத்தாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“வெச்சிரு” என்ற ஒரு சொல்லோடு சைக்கிளில் ஏறினார்.

மூன்று மைலும் எதிர்காற்று. சைக்கிள் நகர மறுத்தது. புழுதி கண்ணை மறைத்தது. அந்தக் காப்பையாவது கட்டாமல் விட்டிருக்கக்கூடாதா என்ற எண்ணம் மிதிக்கு மிதி வந்தது. வேறு யார் கட்டியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்; கட்டியவர் அவரே. பாதி வழியில், சாலையோர மின்கம்பியின்மேல் ஒரு பனைமட்டை தொங்கி ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார். கம்பத்தருகே அறுந்த கம்பி ஒன்று சுருண்டு கிடந்தது. எப்போது அறுந்தது? கேட்பதற்கு அங்கே யாருமில்லை. கம்பியைத் தொலைவில் விட்டு விலகி, வரப்பில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கிணற்றை நெருங்கும்போதே ஓசை கேட்டது. சீரான இரைச்சலாக இல்லை. பாரம் சுமப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைப் போல இருந்தது. மோட்டார் அறைக்குள் வார்னிஷ் காயும் நெடி. பெட்டியின்மீது மூன்று விளக்குகளும் ஒரு குறையுமில்லாதவைபோல எரிந்துகொண்டிருந்தன. ஆறுச்சாமி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். மோட்டாரின்மேல் கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் நின்றதைக் கண்டு மருதாத்தாள் மண்வெட்டியோடு வந்தார். “பெட்டி நிறுத்திப்போடுச்சுங்களா? கெட்டிக்காரப் பெட்டிதான்!”

“பெட்டி நிறுத்தலீங்க. நாந்தான் நிறுத்தினேன்” என்றார் ஆறுச்சாமி. “இத நம்பாதீங்க. நாஞ்சொன்னது தப்பு.”

மருதாத்தாள் நெடியை முகர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. “எரிஞ்சுபோச்சுங்களா?”

“தெரியலீங்க. ஆறோணும்.”

இருவரும் காத்திருந்தார்கள். மருதாத்தாள் இரண்டு முறை எழுந்து மிளகாய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஏதாவது ஏசியிருந்தால் ஆறுச்சாமிக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். உச்சிப்பொழுது கடந்து, மோட்டார் கை வைக்கும் அளவுக்கு ஆறியது. ஆறுச்சாமி பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். சுருள்களின் ஓரம் பழுப்பேறியிருந்தது, ஆனால், கருகவில்லை. மின்வாரிய ஆள்கள் அறுந்த கம்பியை இணைத்து மும்முனையும் மீண்ட பிறகு, மோட்டாரின் வெளிக்கூட்டுக்கு மின்சாரம் கசிகிறதா என்று விளக்கை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. மோட்டாரைப் போட்டார். ஒரு கணம் தயங்கி, பிறகு தன் பழைய இரைச்சலோடு அது சுழன்றது.

ஸ்டார்ட்டரின் காப்பைக் கட்டியிருந்த கம்பியை அவர் முதலில் அவிழ்த்தெறிந்தார். பெட்டியைக் கழற்றினார். பிறகு, மோட்டாரின் அருகில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

“நீங்க போயி வேலையப் பாருங்க. நா நாளைக்கு ஆளக் கூப்புட்டுக்கறேன்” என்றார் மருதாத்தாள்.

“வேண்டாமுங்க. அக்கா வர்றவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்.”

அன்றும், அடுத்த நான்கு நாள்களும், மோட்டார் ஓடிய நேரமெல்லாம் ஆறுச்சாமி அங்கேதான் இருந்தார். காற்று அடங்கவில்லை. ஒவ்வொரு மட்டை விழும்போதும் அவருடைய கை மெயின் சுவிட்சை நோக்கிப் போகும். இடைப்பட்ட பொழுதில் மடியில் தடித்த செம்புக்கம்பியை வைத்துச் சுருள் சுற்றினார். முனையில் மின்அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் மோட்டார் ஏய்த்துவிடும். அதற்குள் பாயும் மின்னோட்டம் நின்றதா என்று பார்த்தால் ஏய்க்க முடியாது. எனவே, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் இந்தத் தடித்த சுருள்கள் வழியாகவே போகவேண்டும். அது நின்ற கணத்தில், சுருள் பிடித்திருக்கும் இரும்பு நாக்கு விழவேண்டும். முதற்சுருளில் நாக்கு அதிர்ந்தே விழுந்தது. இரண்டாவதில் விழாமல் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை சுற்றியவற்றில் நாக்கு சரியாகப் பிடித்து நின்றது. அவற்றைப் பெட்டியில் பொருத்தி, மோட்டார் ஓடும்போதே ஒரு முனையின் பியூசைப் பிடுங்கி ஒருமுறை சோதித்தார். மோட்டார் நின்றது. ஆயினும் அவர் அறையை விட்டு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாச்சம்மாள் வந்து சேர்ந்தார். பேரன் பிறந்திருந்தான். மோட்டார் அறையில் ஆறுச்சாமியைக் கண்டதும் திகைத்தார்.

“ஏனுந் தம்பி, பெட்டி பாத்துக்கும்னு சொல்லிப்போட்டு நீங்க உக்காந்திருக்கறீங்க?”

ஆறுச்சாமி எதையும் மறைக்காமல் சொன்னார்: சோதித்த விதம், கட்டிய காப்பு, பழுப்பேறிய சுருள். நாச்சம்மாள் பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இன்னியும் ஒரு தடவ எரிஞ்சிருந்தா நான் இந்தக் காட்டக் குத்தகைக்கு உட்டுப்போட்டு, மக ஊட்டுலதான் போயி உக்காந்திருக்கோணும். தெரியுமுங்களா?”

“தெரியுமுங்கக்கா.”

“புதுசு நல்லா நிக்குதுங்களா?”

“நின்னுச்சுங்க.”

“நின்னுச்சுன்னு அன்னைக்கும் சொன்னீங்க” என்றார் நாச்சம்மாள். பையை மருதாத்தாளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகினார். “ஓடட்டும். நானே புடுங்கறேன்.”

ஆறுச்சாமி மோட்டாரைப் போட்டார். நாச்சம்மாளின் காலடியில் காய்ந்த பலகையை இழுத்து வைத்து, பியூசின் பீங்கான் பிடியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். நாச்சம்மாள் முதல் பியூசை இழுத்தார். ‘டப்.’ மோட்டார் ஓய்ந்தது. அதை மாட்டி, மறுபடியும் ஓடவிட்டு, இரண்டாவதை இழுத்தார். ‘டப்.’

“இன்னொண்ணு இருக்குதுங்களே?”

“அதுவும் அப்படித்தானுங்க...” என்று தொடங்கிய ஆறுச்சாமி நிறுத்திக்கொண்டார். தாம் சோதித்தது ஒரு முனையை மட்டுந்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “இழுங்கக்கா” என்றார்.

மூன்றாவதை இழுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறுச்சாமி மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தார். அவர் கை எட்டுவதற்குள் நாக்கு விழுந்தது. ஒரு நொடிதான் தாமதம். பெட்டியைத் திறந்தபோது, மூன்றாவது நாக்கில் சுருளின் வார்னிஷ் பிசுக்காக ஒட்டியிருந்தது. துடைத்தார். நாச்சம்மாள் அந்தப் பியூசை மேலும் நான்கு முறை பிடுங்கினார். நான்கு முறையும் தாமதமில்லாமல் நின்றது.

“இப்ப ஊட்டுக்குப் போங்க தம்பி. கமலாத்தா தேடுவா” என்றார் நாச்சம்மாள்.

பின்னாளில் ஆறுச்சாமி இத்தகைய பெட்டிகள் முப்பதுக்குமேல் செய்தார். ஒன்றையும் தாமே சோதித்து ஒப்படைக்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, உடையவர்களைக் காய்ந்த பலகையில் நிறுத்தி, மூன்று பியூஸ்களையும் அவர்களே பிடுங்கும்படி செய்வார். அந்நேரத்தில் அவருடைய ஒரு கை மெயின் சுவிட்சின்மேல் இருக்கும்.